மல்லி வாயில் ஏன் எச்சில் ஒழுகியது?

"குதிரைக்குப் புல் போடுவதைப் பற்றி மகளிர் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது?" என்று இவர் கேலி செய்கிறார். ஏன் இல்லை? பிள்ளைகளோடு ஒரு வாயில்லா ஜீவனும் வீட்டில் வளர்ந்தால், அதன் தீனி, அதன் நோய், அதனால் பிள்ளைக்கு வரக்கூடிய ஆபத்து எல்லாம் தாயின் தலையில்தானே வந்து விடிகிறது! அப்படி என் தலையில் விடிந்த ஒரு காலைப் பொழுதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரத்துக்கு வெளியே. எந்தப் பக்கம் திரும்பினாலும் குதிரைப் பண்ணைகள். பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல் படிந்த பிரதேசம் இது. அதனால் இங்கே விளையும் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் அதிகம், இந்தப் புல்லைத் தின்று வளரும் குட்டிக்கு எலும்பு உறுதி என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

வீட்டோடு சேர்ந்து எங்களுக்கு மூன்று ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாய்த்தது. சவாரி பழகப் போய்க்கொண்டிருந்த எங்கள் பெண், "எனக்கே எனக்கு ஒரு மட்டக்குதிரை வேண்டும்" என்று ஒரு வருஷம் முழுக்க நச்சரித்தாள். கடைசியில் வயதான, சாதுவான ஒரு பெட்டையை வாங்கினோம். நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் 'மல்லி' என்று பெயர் வைத்தாள். குதிரை தனியாக இருந்தால் ஏங்கிப் போகும் என்று சொல்லி, பக்கத்துப் பண்ணை அம்மாள் தன்னுடைய கிழக்குதிரை ஒன்றைத் துணைக்கு விட்டு வைத்தார்.

அது ஒரு ஜூலை மாதம். பத்துப் பன்னிரண்டு நாட்களாக விட்டு விட்டு மழை. ஒரே புழுக்கம். அன்று காலை பள்ளி விடுமுறையாகையால் மல்லிக்குத் தண்ணீர் காட்டப் போன பெண், போன வேகத்தில் ஓடி வந்தாள்.

"அம்மா, மல்லி வாயிலேருந்து தண்ணி தண்ணியா கொட்டுதும்மா! நான் துடைக்கத் துடைக்க வருது!"

போய்ப் பார்த்தேன். அப்பப்பா! தாடையிலிருந்து நூல் நூலாக எச்சில் தரையைத் தொடுகிறது. நின்ற இடத்தில் சின்னக் குட்டை போலத் தேங்கியிருக்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. நம் ஊரில் பிறந்தவர்களுக்கு, ஒரு பிராணி வாயில் எச்சில் ஒழுக நின்றால் முதலில் என்ன ஞாபகம் வரும்? வெறிநோய்தான்!

அடுத்த நிமிஷமே இன்னொன்று கண்ணில் பட்டது. முதல் நாள் ஆப்பிள் நறுக்கும்போது பெண் விரலை வெட்டிக்கொண்டிருந்தாள். அதே விரலால்தான் மல்லியின் வாயைத் துடைத்திருக்கிறாள்!

ஊருக்குப் போன் போட்டால் அம்மா இன்னும் பயமுறுத்தினாள். "ஏங் கண்ணு, நாயி கீயி கடிச்சிருக்குமா? குழந்தைய அந்தப் பக்கமே உடாதே சாமி!"

முதலில் செய்ய வேண்டியது

கால்நடை டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் கேட்டதும் சொன்னதும் ஒவ்வொரு தாய்க்கும் பயன்படும்.

"முதலில் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். பிறகு குழந்தை டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். நான் வரும்வரை யாரும் குதிரையின் வாய்க்குள் கை விட வேண்டாம்" என்றார்.

தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்குமோ என்று மல்லியின் வாயைத் திறந்து பார்க்கலாம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளை! எச்சில் ஒழுகக் காரணங்கள் பல. பல் தொந்தரவு இருக்கலாம். வாய்ப்புண் இருக்கலாம். தீனி தொண்டையில் அடைத்திருக்கலாம். அபூர்வமாக வெறிநோயாகவும் இருக்கலாம். இந்த நாட்டில் வெறிநோயை வவ்வால், ஸ்கங்க் போன்ற காட்டுப் பிராணிகள் பரப்புகின்றன. அதனால்தான் குதிரைகளுக்கு வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பு ஊசி போடச் சொல்கிறார்கள். மல்லிக்கும் போட்டிருந்தோம். ஆனாலும் பெற்ற மனம் கேட்குமா?

டாக்டர் போனிலேயே இன்னொரு கேள்வியும் கேட்டார். "கூட இருக்கும் கிழக்குதிரைக்கும் ஒழுகுகிறதா?"

பதற்றத்தில் அதைக் கவனிக்கவேயில்லை. எட்டிப் பார்த்தால் அதன் தாடையும் நனைந்துதான் இருந்தது! "இரண்டுக்கும் ஒரே நாளில், இரண்டும் நன்றாக மேய்கின்றன என்றால் எனக்கு வேறொரு சந்தேகம்" என்றார் டாக்டர்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். கையுறை மாட்டிக்கொண்டு மல்லியின் வாய், பல், நாக்கு எல்லாம் பார்த்தார். பிறகு நேராக மேய்ச்சல் நிலத்துக்குள் நடந்து போய்க் குனிந்து ஒரு இலையைக் கிள்ளி வந்தார்.

"இதோ உங்கள் குற்றவாளி!"

அவர் கையில் இருந்தது மூன்று இலைகள் சேர்ந்த ஒரு சின்னத் தழை. குளோவர்! என் பெண் நாலு இலை உள்ளது கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பாளே, அதே குளோவர். நான் அழகு பார்த்து வளர்த்த குளோவர்.

மூன்றிலைக்குள் ஒரு பூஞ்சணம்

குளோவர் நம் பயறு, உளுந்து, கொள்ளு இனத்தைச் சேர்ந்தது. குதிரை மசால் என்று நம் ஊரில் மாட்டுக்குப் போடுகிறோமே, அதற்கும் இது உறவு. குளோவர் விஷச் செடி அல்ல. ஆனால் மழையும் புழுக்கமும் சேர்ந்தால் இதன் இலையில் ஒருவகைப் பூஞ்சணம் பிடிக்கிறது. இலையில் கறுப்பும் பழுப்புமாக வட்டப் புள்ளிகள் விழும். சிவப்புப் பூப் பூக்கும் ஜாதியில்தான் அதிகம். வெள்ளைப் பூ ஜாதியிலும் வரும்.

இந்தப் பூஞ்சணம் ஸ்லாஃப்ரமின் என்ற பொருளை உண்டாக்குகிறது. குதிரை அதைத் தின்றதும் அது கல்லீரலில் மாற்றமடைந்து, எச்சில் சுரப்பிகளைத் தூண்டி விடுகிறது. தின்ற சில மணி நேரத்தில் எச்சில் கொட்டத் தொடங்கும். சிலவற்றுக்குக் கண்ணில் நீர் வடியும், அடிக்கடி சிறுநீர் போகும், வயிறும் இளகும்.

"மருந்து?" என்று கேட்டேன்.

"அந்த நிலத்திலிருந்து வெளியே கொண்டு போவதுதான் மருந்து. சுத்தமான உலர்புல்லும், குடிக்க நிறையத் தண்ணீரும் கொடுங்கள். ஓரிரண்டு நாளில் நின்றுவிடும். நிற்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்" என்றார்.

அப்படியே நின்றது. மறுநாள் மாலையே மல்லியின் தாடை காய்ந்திருந்தது. குழந்தை டாக்டரும் கால்நடை டாக்டரிடம் பேசிவிட்டு, பெண்ணுக்கு ஊசி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றிரவுதான் எனக்குச் சாப்பாடு உள்ளே இறங்கியது.

என் தவறு

டாக்டர் கிளம்பும் முன் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஒட்ட வெட்டுவது யார்?" என்று கேட்டார்.

நான்தான்! வாசல் பெருக்கிக் கோலம் போட்டுப் பழகின கை அல்லவா? நிலமும் பாய் விரித்தாற்போல் இருக்க வேண்டும் என்று, வாரத்துக்கு ஒரு முறை மெஷினை வைத்துத் தரையோடு தரையாக வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருஷத்தில் நிலம் முழுக்க வெள்ளைப் பூவாகப் பூத்துக் கிடந்தது. தேனீக்கள் மொய்க்கும். பார்க்கவே குளுகுளுவென்று இருக்கும். மல்லிக்கு நல்ல தீனி என்று மகிழ்ந்து போயிருந்தேன்.

விஷயம் என்னவென்றால், புல் உயரமாக வளர்ந்தால் அதன் நிழலில் குளோவர் ஓரளவோடு அடங்கியிருக்கும். ஒட்ட வெட்டினாலும், குதிரைகளை ஒரே இடத்தில் விட்டு மொட்டையாக மேயவிட்டாலும், புல்லின் வேர் சோர்ந்து போகிறது. தரையோடு கொடியாக ஓடும் வெள்ளை குளோவருக்கோ வெயில் தாராளமாகக் கிடைக்கிறது. இடம் பிடித்துக்கொள்கிறது. மண்ணில் தழைச்சத்து குறைந்தாலும் இதே கதைதான். குளோவரின் வேர் முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தந்துவிடுவதால், அதற்கு உரம் தேவையில்லை. புல்லுக்கு அந்த வசதி இல்லையே!

டாக்டர் இன்னொன்றும் காட்டினார். மல்லியின் பிடரி திண்டு போல் கெட்டியாகியிருந்தது. "மட்டக்குதிரைகள் கொஞ்சத்தில் கொழுக்கும் ஜாதி. உங்கள் நிலம் அதற்குத் தினமும் கல்யாணச் சாப்பாடு போடுகிறது. எச்சில் ஒழுகுவது நின்றுவிடும். எனக்கு இந்தப் பிடரியைப் பார்த்தால்தான் கவலை" என்றார்.

குளம்பைக் காக்க வேண்டாமா?

குளோவரில் புரதம் அதிகம். மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. வசந்த காலத்து இளம்புல்லிலும் சர்க்கரை அதிகம். கொழுத்த குதிரைக்கு இது ஏறிக்கொண்டே போனால் ரத்தத்தில் இன்சுலின் அளவு கூடுகிறது. நம் வீட்டில் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசுகிறோமே, கிட்டத்தட்ட அதே ரகம். குதிரைக்கு அது காலில் வந்து முடிகிறது.

குளம்புக்குள் எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன. அவை அழற்சி கண்டால் பிடி தளர்ந்து, எலும்பே கீழ்நோக்கி இறங்கிவிடும். லாமினைட்டிஸ் என்பது இதுதான். குதிரை முன்காலை ஊன்ற முடியாமல் பின்னுக்குச் சாய்ந்து நிற்கும். முற்றிவிட்டால் உயிருக்கே ஆபத்து. குளோவர் இல்லாத பச்சைப் புல்லாலும் இது வரலாம். குளோவரும் அதிகமானால் கேட்கவே வேண்டாம்.

மல்லிக்கு அந்த நிலை வரவில்லை. வருமுன் காக்கத் தினமும் சில மணி நேரம் மட்டும், அதுவும் அதிகாலையில் மேயவிடச் சொன்னார்கள். வெயில் ஏற ஏறப் புல்லில் சர்க்கரை சேர்வதால் மாலை மேய்ச்சல்தான் ஆகாதாம். இரவில் உறைபனி பெய்திருந்தால் மட்டும் காலையிலும் வெளியே விடக் கூடாது. அன்று இரவின் குளிரில் சர்க்கரை செலவாகாமல் புல்லிலேயே தங்கிவிடும். முகத்துக்கு ஒரு வலைக்கூடையும் மாட்டச் சொன்னார்கள். அதைப் போனில் காட்டியதும் அப்பா சிரித்துவிட்டார்.

"அட, நம்ம மாட்டுக்குச் சூடடிக்கறப்பப் போடற வாய்க்கூடை! அமெரிக்காவுலயும் அதேதானா?"

அப்பா காங்கயம் பக்கத்து விவசாயி. குளோவர் கதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஈரத்தோட மசாலை அறுத்துப் போட்டா மாடு வயிறு ஊதிக்கும்னு சொல்லியிருக்கேனில்ல? ஊருக்கு ஊரு மசாலு மாறும் கண்ணு, கணக்கு ஒண்ணுதான். தனியாப் போடாதே, கலந்து போடு" என்றார். குதிரைக்கு அசை போடும் இரைப்பை இல்லாததால் மாட்டைப் போல் வயிறு ஊதாது. ஆனாலும் பழக்கமில்லாமல் திடீரென்று நிறையத் தின்றால் வாயுவால் வயிற்று வலி வரும். அப்பா சொன்ன கணக்கு சரிதான்!

பக்கத்துப் பண்ணையில் படித்த பாடம்

நான் கோபத்தில், "ஒரு செடி விடாமல் மருந்தடித்துக் கொன்றுவிடப் போகிறேன்" என்று பக்கத்துப் பண்ணை அம்மாளிடம் சொன்னேன். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். பிறந்ததிலிருந்து குதிரைகளோடு வாழ்கிறவர். என்னைத் தன் நிலத்துக்கு அழைத்துப் போனார். அங்கே குட்டியோடு மேயும் தாய்க் குதிரைகள். கீழே புல்லுக்கு நடுவில் குளோவர்!

"குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய்க்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டாமா? வளரும் குட்டிக்கு வேண்டாமா? இவளுக்கு இது அமிர்தம். உங்கள் மல்லிக்கு வேலையும் இல்லை, குட்டியும் இல்லை. அவளுக்கு இது அதிகம். செடியின் மேல் என்ன தப்பு?" என்றார்.

பிரசவித்த பெண்ணுக்குப் போடும் பத்தியச் சாப்பாட்டை வீட்டில் எல்லோருக்கும் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் இன்னொரு ரகசியமும் சொன்னார். இந்தப் பக்கத்து நிலங்களில் டால் ஃபெஸ்க்யூ என்ற புல் அதிகம். கென்டக்கி 31 என்ற அதன் ரகத்தை 1943-ல் வெளியிட்டார்கள். வறட்சிக்கும் மிதிபாட்டுக்கும் தாக்குப் பிடிக்கும் புல். ஆனால் அதற்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம் குடியிருக்கிறது. நிறைமாதக் குதிரை அதைத் தின்றால் நாள் தள்ளிப் போகும், பிரசவம் கஷ்டமாகும். அதைவிடக் கொடுமை, மடியில் பால் சுரக்காது. பிறந்த குட்டி முதல் சீம்பாலுக்கு என்ன செய்யும்? அதனால் குட்டி போடுவதற்குக் கடைசி இரண்டு மூன்று மாதங்களில் தாயை அந்தப் புல்லிலிருந்து மாற்றிவிடுவார்கள். மற்ற குதிரைகள் மேயும் நிலத்தில், குளோவர் கலந்திருந்தால் ஃபெஸ்க்யூவின் பங்கு குறைகிறது. பண்ணைக்காரர்கள் குளோவரை விரட்டாததற்கு அதுவும் ஒரு காரணம்.

எது எந்தக் குளோவர்?

எல்லாம் ஒன்று போல்தானே இருக்கிறது என்று எண்ணாதீர்கள். கீரைக்காரியிடம் அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற நமக்கு இது ஒரு பிரமாதமா?

வெள்ளை குளோவர்: தரையில் கொடியாக ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடும். இலையில் பெரும்பாலும் கூரை முகடு போல வெளிறிய கோடு இருக்கும். பூக்காம்பில் இலை இருக்காது.

சிவப்பு குளோவர்: நிமிர்ந்து வளரும். தண்டில் மெல்லிய ரோமம். இலையில் அதே வெளிறிய கோடு. ரோஜா நிறப் பூ. பூவுக்கு நேர் கீழேயே இலை.

ஆல்சைக் குளோவர்: இதுவும் நிமிர்ந்து வளரும். ஆனால் ரோமமும் இல்லை, இலையில் கோடும் இல்லை. பூ வெண்மையும் இளஞ்சிவப்புமாக இருக்கும். குதிரைக்கு இதுதான் ஆகாதது. இதை அதிகமாகத் தின்ற குதிரைக்கு, மூக்கு, கால் போன்ற வெள்ளைத் தோல் பகுதிகள் வெயிலில் வெந்து கொப்பளிக்கும். நாள்பட்டால் கல்லீரலே கெட்டுப்போகும். விதைக் கலவை வாங்கும்போது இது சேராமல் பார்த்து வாங்க வேண்டும்.

உலர்புல்லில் கவனம்

பச்சையில்தான் ஆபத்து, காய்ந்துவிட்டால் ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். புள்ளி விழுந்த குளோவரை அறுத்துக் காய வைத்தாலும் ஸ்லாஃப்ரமின் மாதக்கணக்கில் தங்கும். மெல்ல மெல்லத்தான் குறையும். குளிர்காலத்தில் உலர்புல் போட்டதும் எச்சில் ஒழுகினால், அந்தக் கட்டை ஒதுக்கிவிட வேண்டும்.

குளோவரின் தண்டு புல்லைவிடத் தாமதமாகத்தான் காயும். சரியாகக் காயாமல் கட்டினால் பூசணம் பூக்கும். கட்டுக்குள்ளே சூடேறிக் கொட்டகையே தீப்பிடிப்பதும் உண்டு. வாங்கும்போது ஒரு கட்டைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். பூசண வாடையோ, கையில் தூசியோ வந்தால் வேண்டவே வேண்டாம்.

பூசணம் என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. ஸ்வீட் குளோவர் என்று தூரத்து உறவுச் செடி ஒன்று உண்டு. அதன் உலர்புல்லில் பூசணம் பூத்தால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் அதில் உண்டாகும். 1920-களில் இதைத் தின்ற மாடுகள் சின்னக் காயத்திலும் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ம் ஆண்டு விஸ்கான்சினில் ஒரு விவசாயி, கடும் பனிப்புயலில் செத்த கிடாரியையும், உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு விஞ்ஞானி கார்ல் பால் லிங்க்கிடம் வந்து சேர்ந்தார். அந்தப் பொருளை 1939-ல் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக வந்து, 1950-களில் மனிதர்களுக்கும் மருந்தாயிற்று. இதய வால்வு மாற்றிக்கொண்ட என் மாமனார் தினமும் சாப்பிடும் மாத்திரை அதுதான்! கெட்டுப்போன தீவனத்திலிருந்து உயிர் காக்கும் மருந்து. அதிலும் அளவு தப்பினால் ஆபத்து என்பதால்தான் அவருக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை.

பத்தடிக்கு ஒரு பார்வை

சரி, நிலத்தில் குளோவர் எவ்வளவு இருக்கலாம்? நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை இருந்தால் பெரும்பாலான குதிரைகளுக்கு நல்லதே. புல்லுக்குத் தனியாகத் தழைச்சத்து உரம் போடும் செலவும் மிச்சம். எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்துப் பண்ணை அம்மாள் கற்றுக்கொடுத்த வழி இது. நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டும். பத்தடிக்கு ஒரு தரம் நின்று, செருப்பின் நுனியில் என்ன படுகிறது என்று பார்க்க வேண்டும். புல்லா, குளோவரா, களையா, வெறும் மண்ணா? இப்படி நூறு தரம் பார்த்துக் குறித்தால், அதுவே நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு.

நானும் பெண்ணும் நோட்டுப் புத்தகத்தோடு நடந்தோம். நூற்றில் 52 குளோவர்!

அதன்பின் நாங்கள் செய்தவை இவை.

வெட்டும் மெஷினை நாலு அங்குலத்துக்குக் கீழே இறக்குவதில்லை. கோலம் போடும் ஆசையை வாசலோடு நிறுத்திக்கொண்டேன்.

நிலத்தை நான்காகப் பிரித்து வேலி போட்டோம். புல் எட்டு அங்குலம் வளர்ந்த பிறகு குதிரையை விடுவோம். மூன்று, நாலு அங்குலத்துக்கு வந்ததும் அடுத்த பகுதிக்கு மாற்றுவோம். எங்கள் ஊர்க் கொறங்காட்டில் கிளுவை வேலி போட்டுப் பகுதி பகுதியாக மாடு விடுவார்களே, அதேதான். அங்கேயும் கொழுக்கட்டைப் புல்லோடு பயறு இனச் செடிகள் கலந்துதான் கிடக்கும்.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அதன்படி இலையுதிர் காலத்தில் தழைச்சத்து உரம் போட்டோம். அது புல்லுக்குப் பலம் தந்தது. பலம் பெற்ற புல் குளோவரை அடக்கியது.

வெறும் மண்ணாகக் கிடந்த இடங்களில் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் புல் விதை தூவினோம். காலியிடம் இருந்தால்தானே வேண்டாதது வந்து உட்காரும்?

மழையும் புழுக்கமும் சேர்ந்த நாட்களில் இலையைப் புரட்டிப் பார்ப்பது பெண்ணின் வேலை. புள்ளி தெரிந்தால் அந்தப் பகுதிக்குப் பூட்டு! குளோவரை வெட்டி விடுவோம். வானம் தெளிந்த பிறகு துளிர்ப்பது பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

களைக்கொல்லி கடைசி வழி. அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் மருந்துகள் குளோவரையும் கொல்லும். பாதியைக் கொன்று பாதியை விட்டுவைக்க அவற்றுக்குத் தெரியாது. அடித்தாலும், எத்தனை நாள் குதிரையை விடக்கூடாது, எப்போது விதை தூவலாம் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை ஒரு எழுத்து விடாமல் படிக்க வேண்டும். எங்களுக்கு அதற்குத் தேவையே வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி நடந்தோம். நூற்றில் 24! மல்லியின் பிடரியும் இளகி, இடுப்பும் இறங்கியிருக்கிறது. வாய்க்கூடையை மாட்டும்போது மட்டும் என்னை முறைக்கிறாள். முறைக்கட்டும். பத்தியச் சாப்பாடு போடுகிறவளை யார்தான் முறைக்கவில்லை?

அந்த ஜூலை காலையை நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் அதனால் ஒன்று தெரிந்துகொண்டேன். பச்சைப் பசேலென்று இருக்கிறதே என்று நிமிர்ந்து நின்று ரசித்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து இலையைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எது, எவ்வளவு, யாருக்கு என்பது புரிந்தது. பிள்ளைக்குச் சோறு போடும்போது இதைத்தானே தினமும் பார்க்கிறோம்? வாயில்லா ஜீவனுக்கும் அதே கண்ணோடு பார்த்தால் போதும்.

இதோ, மழை விட்டிருக்கிறது. பெண் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் போகிறேன், வரட்டுமா?